பின்னணியில் ஓடும் வேலைக்கு யார் பொறுப்பு?

நவம்பர் பிறந்துவிட்டால் ஜொகூரில் வாழும் நம்மில் பலருக்கு ஒரு பழக்கம் வந்துவிடுகிறது. காலையில் எழுந்ததும் கைப்பேசியில் ஆற்று நீர்மட்டத்தைப் பார்ப்பது. நீர்ப்பாசன, வடிகால் துறையின் வெள்ளத் தகவல் தளத்தைத் திறந்தால், ஒவ்வொரு நிலையத்தின் அளவும் இயல்பு, விழிப்பு, எச்சரிக்கை, அபாயம் என்ற நான்கு படிகளில் எதில் நிற்கிறது என்று தெரிந்துவிடும். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் அடுத்தடுத்து இரண்டு முறை வெள்ளம் வந்து கோத்தா திங்கி மூழ்கியதையும், மாநிலத்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் வீட்டை விட்டு வெளியேறியதையும் பார்த்தவர்களுக்கு அது வெறும் எண் அல்ல. 2023 மார்ச்சில் செகாமாட், பத்து பகாட், யோங் பெங் வட்டாரங்களில் தண்ணீர் நின்றதை இன்றைய மாணவர்களே கண்ணால் பார்த்திருக்கிறார்கள்.

அதனால்தான் புத்தாக்கப் போட்டி எதற்குப் போனாலும் வெள்ள எச்சரிக்கை நிரல் ஒன்றாவது அங்கே இருக்கும். பெரும்பாலும் பைத்தான் மொழியில் எழுதியிருப்பார்கள். "பின்னணியில் தானாக ஓடி நீர்மட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும்" என்று விளக்க அட்டையில் பெருமையோடு எழுதி ஒட்டியிருப்பார்கள். அந்தப் 'பின்னணியில்' என்ற ஒரு சொல்லைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத நினைத்தேன். பின்னணி வேலையை எப்படித் தொடங்குவது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். அது செத்துப்போனால் யாருக்குத் தெரியும் என்று சொல்லிக்கொடுப்பதில்லை. இரண்டாவதுதான் முக்கியம் என்பது என் கருத்து.

கணினிக்காரர்களின் சங்கதி என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். முதலில் எளிய கணக்கு ஒன்று. உங்கள் பிள்ளையின் நிரல் 20 நிலையங்களின் அளவை இணையத்திலிருந்து எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் பதில் தர 2 வினாடி ஆகிறது. ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டால் மொத்தம் 40 வினாடி. அந்த 40 வினாடியும் திரை உறைந்து நிற்கும். பொத்தானை அழுத்தினாலும் அசையாது. இத்தனைக்கும் கணினி அந்த நேரத்தில் உழைக்கவே இல்லை. கேள்வியை அனுப்பிவிட்டுச் சும்மா காத்திருக்கிறது.

காத்திருப்பது வேறு, உழைப்பது வேறு. இந்த வேறுபாட்டை நன்றாகப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது. அறிவியல் கூடத்தில் நம் மாணவர்கள் இதை ஏற்கெனவே செய்கிறார்கள். முகவையில் தண்ணீரை அடுப்பில் ஏற்றிவிட்டு அது கொதிக்கும் வரை அதையே பார்த்துக்கொண்டு நிற்பதில்லை. அதற்குள் அடுத்த சோதனைக் குழாய்க்குச் சிட்டை ஒட்டுகிறார்கள், அட்டவணைக்குக் கோடு போடுகிறார்கள். ஆள் ஒருவர்தான், வேலை மூன்று நடக்கிறது. ஆனால் 40 கணக்குகளைப் போட்டு முடி என்றால் அதே ஒருவரால் மூன்று மடங்கு வேகமாகப் போட முடியாது. அதற்குக் கூட இரண்டு பேர் வேண்டும்.

பைத்தானில் பின்னணி வேலைக்கு இருக்கும் வழிகளும் இந்த இரண்டு வகைக்குள்தான் வருகின்றன. காத்திருக்கும் வேலைக்கு 'திரெட்' எனப்படும் இழைகளும் 'ஏசிங்க்' முறையும் உண்டு. (தமிழில் எழுதும்போது 'ஏ' போட்டே எழுதுங்கள், 'அ' போட்டால் நம் காதில் வேறு பொருள் விழும்.) உழைக்கும் வேலைக்குத் தனித்தனிச் செயல்முறைகளை, அதாவது 'புராசஸ்'களை, ஓடவிட வேண்டும்.

இழைகள் ஏன் உழைப்புக்கு உதவுவதில்லை என்பது சுவையான கதை. ஜொகூர் பாருவிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்களுக்குச் சட்டென்று புரியும். குடிநுழைவுச் சாவடியில் பத்து முகப்புகள் திறந்திருக்கின்றன, பத்திலும் அதிகாரிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் மொத்தச் சாவடிக்கும் ஒரே ஒரு முத்திரைக் கட்டைதான் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். அதைக் கையில் வைத்திருப்பவர் மட்டுமே கடப்பிதழில் குத்த முடியும். மற்ற ஒன்பது பேரும் கட்டைக்காகக் காத்திருப்பார்கள். பைத்தானில் அந்தக் கட்டைக்குப் பெயர் 'கில்', ஒட்டுமொத்த நிரலுக்கும் ஒரே பூட்டு. கணினியில் எட்டு உட்கருக்கள் இருந்தாலும் ஒரு நேரத்தில் ஓர் இழைதான் பைத்தான் கட்டளைகளை நிறைவேற்றும். காத்திருக்கும் இழையொன்று கேட்டால், ஏறக்குறைய 5 மில்லி வினாடிக்கு ஒரு முறை கட்டை கைமாறும்.

ஒரு பயணி "பாரத்தை நிரப்பிவிட்டு வருகிறேன்" என்று ஒதுங்கினால், அவரைக் கவனித்துக்கொண்டிருந்த அதிகாரி கட்டையை அடுத்தவரிடம் கொடுத்துவிடலாம் அல்லவா? இணையப் பதிலுக்காகக் காத்திருக்கும் இழையும் அப்படித்தான் பூட்டை விட்டுக்கொடுக்கிறது. எனவே நம் 20 நிலையங்களுக்கும் 20 இழைகள் போட்டால் 40 வினாடி வேலை இரண்டு மூன்று வினாடியில் முடியும். பகா எண்களைத் தேடச் சொல்லி அதே இழைகளைப் போட்டுப் பாருங்கள். நேரம் குறையாது. கட்டையைக் கைமாற்றும் செலவினால் சில சமயம் சற்றுக் கூடும்.

இந்தப் பூட்டை ஏன்தான் வைத்தார்கள் என்று மாணவர்கள் எரிச்சலோடு கேட்பார்கள். கைடோ வான் ரோசம் 1991-இல் பைத்தானை வெளியிட்டபோது வீட்டுக் கணினிகளில் உட்கரு ஒன்றுதான். மொழியின் உள்ளமைப்பு எளிமையாக இருக்க ஒரே பூட்டு போதுமானதாக இருந்தது. பிறகு அதை நம்பி ஆயிரக்கணக்கான நூலகங்கள் எழுதப்பட்டுவிட்டதால் எடுப்பது கடினமாகிவிட்டது. சாம் குரோஸ் என்ற பொறியாளர் முன்வைத்த திட்டம் 2023-இல் ஏற்கப்பட்டு, 2024 அக்டோபரில் வந்த 3.13 பதிப்பில் பூட்டில்லாத பைத்தான் சோதனை வடிவமாக வெளியானது. 2025 அக்டோபரில் வந்த 3.14-இல் அது முறைப்படி ஆதரிக்கப்படும் வடிவமாகிவிட்டது. இருந்தாலும் நீங்கள் வழக்கமாகப் பதிவிறக்கும் பைத்தானில் பூட்டு இன்னும் இருக்கிறது. வேண்டுமென்றால் தனியாகக் கேட்டு நிறுவிக்கொள்ள வேண்டும்.

அதுவரை உழைப்புக்குச் செயல்முறைகள்தான். 2008-இல் வந்த 2.6 பதிப்பிலிருந்தே 'மல்டிபுராசசிங்' மொழியோடு சேர்ந்து வருகிறது. ஒவ்வொரு செயல்முறைக்கும் சொந்த நினைவகம், சொந்தப் பூட்டு. ஆளுக்கொரு முத்திரைக் கட்டை கொடுத்து நான்கு தனிச் சாவடி கட்டியதுபோல. செலவும் அதற்கேற்ப உண்டு. தொடங்க நேரம் பிடிக்கும், நினைவகம் தின்னும், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தரவை அனுப்ப அதைக் கட்டிப் பொட்டலமாக்க வேண்டும். பைத்தான்காரர்கள் இந்தப் பொட்டலம் கட்டுவதை 'பிக்கிள்' என்கிறார்கள், ஊறுகாய் போடுவது! எல்லாவற்றையும் ஊறுகாய் போட முடியாது என்பது வீட்டில் சமைப்பவர்களுக்குத் தெரியும். திறந்து வைத்திருக்கும் கோப்பையோ இணைய இணைப்பையோ இங்கும் போட முடியாது.

ஏசிங்க் முறை 2014-இல் 3.4 பதிப்போடு வந்தது. இப்போது எல்லாரும் எழுதும் 'ஏசிங்க்', 'அவெய்ட்' என்ற இரு சொற்கள் 2015-இல் சேர்ந்தன. இதில் இழை ஒன்றே ஒன்றுதான். அறிவியல் கூட மாணவரைப் போல, காத்திருக்க நேரும் இடத்தில் ஒரு வேலையை நிறுத்தி அடுத்ததைக் கையில் எடுக்கிறது. ஆயிரம் இணைப்புகளைக் கூடச் சுமை இல்லாமல் தாங்கும். ஆனால் விட்டுக்கொடுக்கும் பண்பு ஒவ்வொரு வேலைக்கும் இருக்க வேண்டும். ஒரே ஒரு செயற்கூறு நடுவில் சாதாரண 'ஸ்லீப்' போட்டு 10 வினாடி தூங்கினால் மொத்த நிரலும் அதோடு சேர்ந்து தூங்கும். பிள்ளைகள் வழக்கமாகப் பயன்படுத்தும் 'ரிக்வெஸ்ட்ஸ்' நூலகமும் விட்டுக்கொடுக்காத வகைதான். அதை ஏசிங்க் செயற்கூறுக்குள் அப்படியே வைத்து "வேகமாகவே இல்லையே" என்று வருகிறவர்கள் நிறைய. 3.9 பதிப்பிலிருந்து அப்படிப்பட்ட வேலையைத் தனி இழைக்குத் தள்ளிவிட ஒரே வரி போதும்.

இதுவரை சொன்னது எந்த நல்ல பைத்தான் நூலிலும் கிடைக்கும். நம் பயிற்சிப் பட்டறைகளும் இங்கேயே நின்றுவிடுகின்றன. 40 வினாடி 2 வினாடியானதும் கைதட்டல். நான் நிற்க விரும்புவது இதற்கு அடுத்த இடத்தில்.

ஒரு போட்டியில் நடுவராக இருந்தபோது, படிவம் 4 மாணவர்கள் மூவர் நீர்மட்ட நிரலைக் காட்டினார்கள். அழகான திரை. ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு வட்டம், எல்லாம் பச்சை. பின்னணி இழை 5 நிமிடத்துக்கு ஒரு முறை புதிய அளவை எடுத்து வரும் என்று விளக்கினார்கள். மடிக்கணினியின் இணையத் தொடர்பைத் துண்டித்துவிட்டு ஒரு சுற்று காத்திருக்கச் சொன்னேன். காத்திருந்தோம். வட்டங்கள் பச்சையாகவே இருந்தன. தொடர்பை மீண்டும் கொடுத்தோம். இன்னொரு சுற்று ஆனது. அதே எண்கள், அதே பச்சை. "டீச்சர், ஓடிக்கிட்டுத்தான் இருக்கு" என்றான் ஒரு பையன். திரையை நகர்த்தி அதற்குப் பின்னால் மறைந்திருந்த கறுப்புச் சாளரத்தைக் காட்டினேன். இணைப்பு இல்லை என்ற பிழைச் செய்தி அங்கே இருந்தது. இழை எப்போதோ முடிந்துபோயிருந்தது. முதன்மை நிரல் மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் கடைசியாக வந்த எண்ணைக் காட்டிக்கொண்டிருந்தது.

மூன்று பேர் முகமும் வாடிவிட்டது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர்கள் பார்த்துப் படித்த எடுத்துக்காட்டுகளில் எதுவும் செத்துப்போவதே இல்லை. ஆனால் அது போட்டி மண்டபம் இல்லாமல் ஜொகூர் ஆற்றங்கரையில் ஒரு வீடாக இருந்து, நேரம் விடியற்காலை மூன்று மணியாக இருந்தால்? எச்சரிக்கை நிரலே இல்லாத வீட்டில் ஆட்கள் எழுந்து வெளியே பார்ப்பார்கள். பச்சை வட்டம் உள்ள வீட்டில் அதை நம்பித் தூங்குவார்கள்.

பைத்தானில் பின்னணி வேலை எப்படியெல்லாம் சத்தமில்லாமல் சாகிறது என்று பாருங்கள். தனி இழையாகத் தொடங்கியிருந்தால் பிழைச் செய்தி கறுப்புச் சாளரத்தில் வரும். அந்தச் சாளரம் இல்லாமல் நிரலை ஓடவிட்டிருந்தால் அதுவும் இல்லை. 3.2 பதிப்பில் வந்த இழைக்குழுவிடம் வேலையைக் கொடுத்திருந்தால், பிழை ஒரு சீட்டுக்குள் மடித்து வைக்கப்படும். "முடிவு என்ன?" என்று நீங்கள் அந்தச் சீட்டைப் பிரித்துக் கேட்காதவரை ஒரு வார்த்தை வெளியே வராது. ஏசிங்க் வேலையாக இருந்தால் "பிழையை யாரும் எடுக்கவில்லை" என்ற புலம்பல் வரும். ஆனால் அந்த வேலையை நினைவகத்திலிருந்து அகற்றும்போதுதான் வரும். அதைவிட விசித்திரம், உருவாக்கிய ஏசிங்க் வேலையை எந்த மாறியிலும் பிடித்து வைக்காவிட்டால், அது பாதியிலேயே குப்பையோடு சேர்ந்து போய்விடக்கூடும் என்று பைத்தானின் ஆவணமே எச்சரிக்கிறது.

சாகாமல் தொங்கிக்கொண்டிருப்பதும் உண்டு. முன்பு சொன்ன ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்தில் கால வரம்பை நீங்கள் எழுதித் தராவிட்டால் அது பதிலுக்காக முடிவில்லாமல் காத்திருக்கும். பிழையும் வராது, பதிலும் வராது. அப்படித் தொங்கும் இழையை வெளியிலிருந்து நிறுத்தப் பைத்தானில் வழியே இல்லை. செயல்முறையை நிறுத்தலாம், இழையை முடியாது. கால வரம்பு ஒரே ஒரு எண்தான். 10 என்று எழுதினால் போதும்.

இந்தக் கோளாறைக் கணினி உலகம் கவனிக்காமல் இல்லை. 1968-இல் டைக்ஸ்ட்ரா என்ற டச்சு அறிஞர், நிரலின் ஓட்டத்தை நினைத்த இடத்துக்குத் தாவவிடும் 'கோ டூ' கட்டளை ஆபத்து என்று எழுதினார். இன்று அதை யாரும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவதில்லை. ஐம்பது ஆண்டுகள் கழித்து 2018-இல் நத்தானியேல் ஸ்மித் என்பவர், பின்னணி வேலையைத் தொடங்கிவிட்டுக் கைகழுவும் பழக்கமும் அதே வகை ஆபத்துதான் என்று வாதிட்டார். அவர் உருவாக்கிய 'டிரையோ' நூலகத்தில் பிள்ளைக் காப்பகம் போன்ற ஓர் அமைப்பு உண்டு. உள்ளே விட்ட எல்லாப் பிள்ளைகளும் வந்து சேரும்வரை பெற்றோர் அந்த இடத்தை விட்டு நகர முடியாது. ஒரு பிள்ளைக்கு அடிபட்டால் செய்தி கட்டாயம் பெற்றோரிடம் வரும். 2022-இல் 3.11 பதிப்பில் இதே கருத்து 'டாஸ்க் குரூப்' என்ற பெயரில் பைத்தானுக்குள்ளேயே வந்துவிட்டது. தொடங்கியவர் யாரோ அவர்தான் பொறுப்பு என்பதை மொழியே வற்புறுத்துகிறது. எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் இது.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அதைப் போடச் சொல்ல மாட்டேன். டாஸ்க் குரூப்பில் ஒன்று தவறினால் மற்றவை எல்லாம் ரத்தாகும். செகாமாட் நிலையம் பதில் தரவில்லை என்பதற்காகக் கோத்தா திங்கி அளவை எடுப்பதை நிறுத்துவது அறிவீனம். நம் நிரலில் ஒவ்வொரு நிலையத்தின் பிழையையும் அந்தந்த வேலைக்குள்ளேயே பிடித்து, "அளவு கிடைக்கவில்லை" என்று அதையும் ஒரு முடிவாகத் திருப்பித்தர வேண்டும். எந்தத் தோல்வி எல்லாரையும் நிறுத்த வேண்டும், எது தனியாக நிற்க வேண்டும் என்பதை எந்த நூலகமும் சொல்லாது. நிலைமை தெரிந்தவர்தான் சொல்ல முடியும்.

இன்னொன்று. 20 நிலையங்களை ஒரே நொடியில் கேட்க முடிகிறது என்பதற்காக நாடெங்கும் உள்ள நூற்றுக்கணக்கான நிலையங்களை ஒரே நொடியில் கேட்பது நாகரிகமல்ல. மழை கொட்டும் இரவில் அந்தத் தளத்தைப் பொதுமக்கள் எல்லாரும் திறந்துகொண்டிருப்பார்கள். ஒரு நேரத்தில் ஐந்து கேள்விக்கு மேல் போகாமல் தடுக்க 'செமஃபோர்' இருக்கிறது. ஐந்து நாற்காலி போட்ட காத்திருப்பு அறை மாதிரி, ஒருவர் எழுந்தால்தான் அடுத்தவர் உட்காரலாம். வேகத்தைச் சொல்லித்தரும் அதே வகுப்பில் இதையும் சொல்லித்தர வேண்டும்.

சில ஆசிரிய நண்பர்கள் மறுப்பார்கள் என்று தெரியும். கீழ்ப்படிவங்களில் பைத்தானைத் தொட்டுவிட்டு, படிவம் 4-இல் ஜாவாவுக்குப் போகிற பிள்ளைகளுக்கு இழை, பூட்டு எல்லாம் அதிகம் என்பார்கள். பாதி ஒப்புக்கொள்கிறேன். பூட்டின் வரலாறு தேர்வுக்குத் தேவையில்லை. ஆனால் பிள்ளைகள் நம் பாடத்திட்டத்துக்காகக் காத்திருக்கவில்லையே. செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் "பின்னணியில் ஓடும் நிரல் எழுதிக் கொடு" என்று கேட்டால் அரை நிமிடத்தில் வந்துவிடுகிறது. அது ஓடவும் செய்கிறது. ஓடுவது தெரியும், நின்றால் எப்படித் தெரியும் என்ற கேள்வியை ஒரு மாணவர் தாமாகக் கேட்க, யாராவது ஒருவர் அதை அவரிடம் முதலில் கேட்டிருக்க வேண்டும். அறிவியல் பாடத்தில் இதற்குப் புதிதாக எதுவும் தேவையில்லை. வெப்பமானி வேலை செய்கிறதா என்று பனிக்கட்டித் தண்ணீரில் வைத்துப் பார்க்கச் சொல்கிறோம் அல்லவா, அதே பழக்கம்தான்.

உண்மையில் பள்ளித் திட்டங்களில் பாதிக்குமேல் பின்னணி இழையே தேவையில்லை என்பேன். 15 நிமிடத்துக்கு ஒரு முறை நீர்மட்டம் பார்க்க வேண்டுமென்றால், ஒரு முறை பார்த்து, கோப்பில் எழுதி, முடிந்துபோகும் சின்ன நிரல் ஒன்று போதும். அதை 15 நிமிடத்துக்கு ஒரு முறை எழுப்பிவிடும் வேலையை விண்டோசின் பணி அட்டவணையிடமோ லினக்சின் 'கிரான்'இடமோ விட்டுவிடலாம். இந்தச் சுற்று தோற்றாலும் அடுத்த சுற்று புதிதாகப் பிறந்து வரும். நாள்கணக்கில் உயிரோடு வைத்துக் காக்க எதுவும் இல்லை. போட்டியில் இதற்கு மதிப்பெண் குறைவாகக் கிடைக்கிறது, 'எளிமையாக இருக்கிறது' என்று. அந்த மதிப்பீட்டு முறையைத்தான் முதலில் மாற்ற வேண்டும். புத்தாக்கம், வேகம், தோற்றம் என்று புள்ளி போடும் தாளில், இணையத்தைத் துண்டித்தால் திரை என்ன சொல்கிறது என்பதற்கும் ஒரு கட்டம் இருக்கட்டும்.

வீட்டில் பிள்ளை இப்படியொரு நிரல் எழுதியிருந்தால் இன்று மாலையே நீங்களும் சோதிக்கலாம். இணையப் பெட்டியின் மின்செருகியைப் பிடுங்கிவிட்டு அரை மணி நேரம் கழித்துத் திரையைப் பாருங்கள். இன்னும் பச்சையாக இருந்தால் பிள்ளையை உட்காரவைத்து மூன்று வரி சேர்க்கச் சொல்லுங்கள்: ஒவ்வொரு அளவோடும் அது வந்த நேரத்தைச் சேமிக்க வேண்டும், அந்த நேரத்தை எண்ணுக்குப் பக்கத்திலேயே காட்ட வேண்டும், அது அரை மணிக்கு மேல் பழையதாகிவிட்டால் வட்டம் சாம்பல் நிறமாக வேண்டும். நேரத்தைக் கணக்கிடும் அந்த மூன்று வரிகளும் முதன்மை நிரலில் இருக்கட்டும், பின்னணியில் வேண்டாம்.